எட்டுச் சுற்று

உன் கிட்டாரை நேற்று உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "வீட்ல வச்சா பாக்க முடியல, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். பையின் ஜிப்பைத் திறந்ததும் கம்பிகளின் இரும்பு வாடையோடு உன் தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது. அழுகை வரும் என்று சோபாவில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்க் குக்கர் வைத்தேன்.

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்று கீழ்மாடியிலிருந்து ஒருத்தி ஓடிவந்து சொன்னபோது என் அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டு எடுத்துவிட்டுத்தான் வந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம், நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

நாற்பத்தாறு வயதில் நமக்கு எதற்கு அந்த ஆசை வந்தது என்று இன்னும் புரியவில்லை. நீ தாராவியில் வளர்ந்தவள், நான் மாட்டுங்காவில். கல்யாணமாகி வந்து சேர்ந்தது செம்பூரில் ஒரே சொசைட்டிக் குடியிருப்பு, காலையில் வேலைக்குப் போவது ஒரே லோக்கல் ரயில். உன் அண்ணன் கேசட் தேயத் தேயக் கேட்ட அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டை வாசித்தே தீர வேண்டும் என்று ஆரம்பித்தவள் நீ. பாட்டு முழுக்கக் கார்ட் பிடித்து, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி, வாசிப்பது நீ. நடுவில் எட்டுச் சுற்று வரும் சோலோ, ஒற்றையாக வாசிக்கும் இடம், எனக்கு. "நீ பாட்டு கிளாஸுக்குப் போனவ, ஒனக்குத்தான் காது இருக்கு" என்றாய். ரயிலின் லேடீஸ் டப்பாவில் எதிர் சீட்டுக்காரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு வருவாள். நீ என் முன்கையையே கிட்டாராக்கி, அதில் விரல்களை அழுத்திப் பழகுவாய். ஆபீஸ் போய்ச் சேரும்போது கையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும்.

கிட்டார் சொல்லித்தரும் வீடியோவில் போடும் கோடும் எண்ணும் எனக்கு ஏறவில்லை. சோலோ முழுவதையும் ச ரி க ம என்று டயரியில் எழுதிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, கூடவே கமகமும் வந்து ஒட்டிக்கொண்டது. நேராக நிற்க வேண்டிய சுரத்தையெல்லாம் அசைத்து வைத்தேன். "ஏட்டி, இது ராக்கு, கச்சேரி இல்ல. ஆட்டாத, நேரா நில்லு" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

சொசைட்டி கணபதி விழா நிகழ்ச்சிக்கு நம் பெயரைக் கொடுத்ததும் நீதான். முன்வரிசையில் என் மாமியார் இருப்பார். நரைத்த தலையோடு மேடையேறி, பயத்தில் விரல் மறுபடியும் அசைந்தால் சிரித்துத் தொலைப்பார்கள். நிகழ்ச்சியன்று மதியம் நன்றாக இருந்த விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். "கத்தி பட்டுடுத்துடி" என்றேன். நீ விரலைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "சரிட்டி, நான் பாத்துக்கிடுதேன்."

தனியாக ஏறினாய். சோலோ வரும் இடம் வந்தது. அதை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம், அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. நீ போகவில்லை. வெறும் கார்டுகளை மட்டும் வாசித்துக்கொண்டு எட்டுச் சுற்றும் அங்கேயே நின்றாய். பின்னாலிருந்து செக்ரட்டரி, என்ன ஆயிற்று என்று புரியாமல், "க்யா ஹுவா?" என்று கேட்பது காதில் விழுந்தது. நான் முன்வரிசையில் மாமியார் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ரயிலில் என் விரலைப் பிடித்துப் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாய். காயம் இல்லை. அதைத் திரும்ப ஒட்டிவிட்டாய். வடாலா ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாய்: "ஒன் எடத்த நான் எப்பிடிட்டி வாசிக்க? அடுத்த வருசம் வா."

அன்றிலிருந்து தினமும் பழகினேன். இப்போது அசைவதில்லை, ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. மேடையில் காட்டி அசத்தலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். என்ன புத்தி இது.

அடுத்த கணபதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இன்று மாலை, அன்று மேடையில் நீ வாசித்ததை என் மகள் எடுத்த வீடியோவை ஓடவிட்டு, என் கிட்டாரைச் சுருதி சேர்த்து மடியில் வைத்துக்கொண்டேன். என் இடம் வந்தது. முதல் சுரத்தில் விரல் தானாகப் போய் நின்றது. நீ தலையை நிமிர்த்தி, முன்வரிசையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தாய். நான் விரலை எடுத்துவிட்டேன். வாசித்துவிட்டால் நீ எனக்காகக் காத்திருப்பது முடிந்துபோகும்.