நீ இழுத்து நான் அழித்த கம்பி

ஆடி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை 11.10. மேசையில் பதினான்கு போர்டு. பதினான்கையும் ரீபூட் செய்தேன். ஒன்றுகூட எழும்பவில்லை.

என் நாயகத்துக்கு,

நீ இறந்துபோய் எட்டு மாதம். இன்னும் உன்மேல் பொறாமை தீரவில்லை. இல்லாதவனைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? நான் எரிகிறேன்.

நம் அம்மாக்கள் அக்காள் தங்கை. ஒரே காலேஜ், ஒரே பட்டறை. தறியில் நூல் அறுவதைப் பதிவு செய்யும் இந்த லினக்ஸ் போர்டை இருவரும்தான் செய்தோம். தறிக்காரர்கள் கேட்பது மட்டும் உன்னை. முதலாளி அண்ணாச்சியும் நான் தடுமாறும்போதெல்லாம், நாயகம் இருந்தால் இந்நேரம் முடித்திருப்பான் என்பார்.

புரோகிராமைச் சேமித்து வைக்க நீ பதினாறு எம்பி ஃப்ளாஷ் சிப் போட்டாய். புதிய போர்டுக்கு நான் முப்பத்திரண்டு போட்டேன். தேவையா? இல்லை. உன்னுடையதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்றுதான். சிப்பின் ரீசெட் காலுக்கு நீ இழுத்திருந்த கம்பியையும், பயந்தாங்கொள்ளி என்று சிரித்தபடி சர்க்யூட் படத்திலிருந்து அழித்தேன்.

போன வாரம் புளியங்குடி ரோட்டுத் தறிக்கூடத்திலிருந்து பதினான்கும் திரும்பி வந்தன. போர்டு தானாக ரீபூட் ஆனால் அப்படியே நின்றுவிடுகிறதாம், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் முழிக்கிறதாம். அண்ணாச்சி காரணம் கேட்டார். நான் சொன்னேன்: “போர்ட எழுப்பிவிட நாயகம் எழுதுன பூட்லோடர்லதான் கோளாறு, அண்ணாச்சி.”

உன் தங்கை செல்வி பக்கத்து மேசையில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எங்கண்ணன் தப்பா எழுதியிருந்தா, பழைய போர்டெல்லாம் எப்படி ஓடுது, சங்கரண்ணே? அவன் படத்த எடுத்து முழுசாப் பாருங்க.”

ஒரு வாரம் வீம்புக்குப் பார்க்கவில்லை. இன்றுதான் பார்த்தேன்.

பதினாறு எம்பிவரை, சிப்புக்குள் ஓர் இடத்தைக் குறிக்கும் முகவரிக்கு மூன்று பைட் போதும். அதற்கு மேல் நான்கு வேண்டும். லினக்ஸ் ஓடும்போது சிப்பை நான்குக்கு மாற்றுகிறது. ரீபூட்டில் பிராசசர் மறுபடி மூன்றில் கேட்கிறது, சிப் நான்காவதுக்குக் காத்திருக்கிறது. கரண்டை நிறுத்தினாலோ, அந்தக் கம்பி ரீசெட் கொடுத்தாலோதான் பழைய நிலைக்கு வரும். ஒவ்வொரு முறையும் ப்ளக்கைப் பிடுங்கியே சோதித்த எனக்கு எப்படித் தெரியும்?

உனக்குத் தெரிந்திருந்தது. நான் புரட்டாத இரண்டாம் பக்கத்தில் உன் கையெழுத்து: “இப்ப இந்தக் கம்பிக்கு வேலையில்ல. பெரிய சிப் போட்டா வேணும். சங்கர் கட்டாயம் பெரிசுதான் போடுவான்.”

இதை எழுதும்போது சிரித்தாயா, நாயகம்? இதிலும் நீதான் முந்தினாயா?

இனி செய்யப்போவது:

1. பதினான்கு போர்டிலும் அந்தக் கம்பியை என் கையாலேயே சாலிடர் செய்வேன்.

2. ப்ளக்கைத் தொடாமல் ஒவ்வொன்றையும் நூறு தடவை ரீபூட் செய்வேன்.

3. அது முடியும்வரை காத்திராமல், இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, செல்வியை வைத்துக்கொண்டே அண்ணாச்சியிடம் சொல்வேன்: தப்பு நாயகத்துடையது இல்லை, என்னுடையது.

4. பொறாமையை விடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், முடியாது. உன் பெயரில் இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். அது முடியும்.

உன் சித்தி மகன்,
சங்கர்