எல்லோருக்கும் பிடித்த முகம்

மார்ச் 3, செவ்வாய்

வேலையை விட்டு ஐந்து மாதம். இன்றும் காலை எட்டு மணிக்குக் கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது. ஓவிய வகுப்பில் பத்துப் பேர், நான்தான் மூத்தவள். ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னை அக்கா என்கிறாள். "படம் எந்த அளவுல இருக்குக்கா?" என்று கேட்டாள். "எழுபது சதவீதம் முடிஞ்சிருச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. இருபத்திரண்டு வருடம் தரச்சோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவள். பிறர் வேலையில் பிழை பிடிப்பதே தொழில். வேறு எப்படிப் பேச வரும்?

மார்ச் 7, சனி

28ஆம் தேதி வகுப்பின் கண்காட்சி. ஆளுக்கு ஒரே படம். நான் மகளை வரைகிறேன், நீர்வண்ணத்தில். சன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டுகிறாள். கல்லூரி நாட்களுக்குப் பிறகு என் முதல் முழுப் படம். வேலை வந்தது, அப்புறம் அவள் வந்தாள், தூரிகை பரண் ஏறியது. யார்மேலும் பழியில்லை, நானாகத்தான் ஏற்றினேன்.

பழைய மேலாளர் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த ஒரு படம் தேறாவிட்டால் போய்விடுவது என்று தீர்மானம். ஆனால் — எழுதவே வெட்கமாக இருக்கிறது — நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, "தயங்காமல் குறை சொல்லுங்கள்" என்று எழுதினேன். யாராவது தயங்கினால்தானே! கணவர்: மூக்கு கொஞ்சம் நீளம். நாத்தனார்: கன்னம் ஒட்டிக்கிடக்கு. அண்ணன்: சிரிச்ச மாதிரி போடக்கூடாதா? அண்ணி: முடியைப் படிய வாரிவிடேன். மொத்தம் பதினொன்று. எண் போட்டு எழுதிக்கொண்டேன். பழக்கதோஷம்.

மார்ச் 12, வியாழன்

ஒன்பது குறை தீர்ந்தது. மூக்கருகே தாள் லேசாக நைந்திருக்கிறது. கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 14, சனி

பதினொன்றும் முடிந்தது. குழுவில் ஒரே கைதட்டல். "இப்பதான் லட்சணமா இருக்கா" என்று அண்ணன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆசிரியை மட்டும் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "டீ குடிக்கலாமாக்கா?" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

மகளிடம் காட்டினேன். "அழகாத்தான் இருக்கா. யாரும்மா இது?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "என்னையும் இப்படித்தாம்மா திருத்திக்கிட்டே இருந்த. கையெழுத்து, நடை, சிரிப்பு, எல்லாத்தையும். ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதன்னு அப்பா சொல்வாரு. நான்தாம்மா அந்த வேலை." கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்லா வரணும்னுதானே — அதுக்குத்தானே — இல்ல, சாக்கு சொல்லாதே. எட்டாவதுல கட்டுரைக்குப் பரிசு வாங்கிட்டு வந்தாளே. அன்னிக்கே அந்தக் கட்டுரைய விரிச்சு வெச்சு மூணு பிழை காட்டினேன். பரிசு வாங்கின அன்னிக்கே. என்ன மனுஷி நான்?

மார்ச் 18, புதன்

பழைய மூக்கைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். தாள் பொத்துக்கொண்டது. "விடுங்கக்கா, புதுத் தாள் எடுங்க" என்றாள் ஆசிரியை. எதை வரைய? மகள் மூன்று நாளாக ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

கட்டுரை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு அது ஞாபகம் இருக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு

குளித்த ஈரத் தலையோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை.

"முக்கால் மணி நேரம்தான். தலை வாரிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"கூன் போட்டிருக்கேனா?"

"போட்டிருக்க. அப்படியே இரு."

இரண்டு மணி நேரம் இருந்தாள். புதுப் படத்தில் இடது கண் சற்று இறங்கிவிட்டது. திருத்தக் கை பரபரத்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். சுத்தமாக இருந்த பாத்திரத்தையும் கழுவினேன்.

மார்ச் 25, புதன்

குழுவில் எல்லோரும் படம் கேட்கிறார்கள். நேரில் வந்து பாருங்கள் என்று போட்டேன். "எனக்குமா?" என்றார் கணவர். "உங்களுக்கும்தான்."

மேலாளருக்கு, வரவில்லை என்று எழுதிவிட்டேன். படம் தேறியதா என்று தெரியாது. இனி வரையாமல் இருக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது.

மார்ச் 28, சனி

கண்காட்சி. "இடது கண்ணு கொஞ்சம்..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். "ஆமா, இறங்கித்தான் இருக்கு" என்றேன். அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

மகள் தாமதமாக வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். அப்புறம் தள்ளிப்போய்த் தோழிக்குப் போன் போட்டாள், காதில் விழுந்தது.

"சீக்கிரம் வாங்கடி, ஆறு மணிக்கு மூடிடுவாங்க. எங்கம்மா என்னை வரைஞ்சிருக்காங்க... ஆமாடி, நானேதான். அப்படியே நான்."