நீ கூப்பிட்ட வாரம்

பார்சிப்பனியில் உள்ள இந்தியக் கடைக்கு நேற்று காய்கறி வாங்கப் போயிருந்தேன். ஒரு கூடையில் மஞ்சளும் சிவப்புமாக, சுருங்கிப்போன குட்டிக் குடைமிளகாய் மாதிரி அந்தத் தீவு மிளகாய் கிடந்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். முதலில் பழ வாசனை, பிறகு மூக்கைப் பிடிக்கும் காரம். நகரவே முடியவில்லை. பின்னால் வண்டியோடு நின்ற ஒரு ஆன்ட்டி, "கொஞ்சம் தள்ளிக்கிறியாம்மா? அழுவுறியா என்ன?" என்று கேட்டார். மிளகாய் ஆன்ட்டி, என்றேன்.

காய்ந்த மிளகாய் கிடைக்காமல் நம் மெஸ்ஸின் முதல் சாம்பாரில் இதைத்தானே ஐந்து அரைத்துப் போட்டாய். முதல் வாயிலேயே பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடினேன். நீ கரண்டியோடு நின்று சிரித்தாய். "ஏட்டி, எல்லாம் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகதானே. ஒருத்தருக்கொருத்தர் வைத்தியம் பாத்துக்கிடுவாங்க."

நாம் இரண்டு பேரும் சமையல்காரிகளாகப் பிறந்தவர்கள் இல்லை. டெக்சாஸில், இர்விங்கில், ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்து, ஒரே ஆபீசில் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள். உன் ஊர் பாளையங்கோட்டை, என் ஊர் கோபி. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி மீட்டிங்கில் இருவருக்கும் சேர்த்தே வேலை போயிற்று. விசாவின்படி அறுபது நாளில் வேறு வேலை, இல்லையென்றால் நாட்டை விட்டு வெளியே. நாற்பத்து மூன்றாவது நாள் நான் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, நீ வெளியே நின்று கதவைத் தட்டினாய்.

"வெளிய வாட்டி, ஒரு விஷயம் சொல்லுதேன். என் சித்தி மவன் மெடிசின் படிக்கான்லா ஒரு தீவுல, அங்க தமிழ்ப் பிள்ளைக நெறைய இருக்காங்களாம். சோத்துக்குச் சாவுதாங்களாம். நாம ஒரு மெஸ் போடுவோம்."

"லூசா நீ? அது எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"மேப்ல தேடிப் பாத்தேன். கடலுக்கு நடுவுல இருக்கு."

அந்தப் பதிலுக்காகத்தான் உன்னோடு வந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். ஊருக்குத் திரும்பிப் போய் அம்மா முகத்தைப் பார்ப்பதைவிட, மேப்பில் மட்டும் பார்த்த ஒரு இடம் எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

சுலபமாக இருக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கடை போட வேண்டுமென்றால் கம்பெனி பதிவு, தொழில் உரிமம், வேலை அனுமதி, அதற்கு மேல் உணவைத் தொடுகிறவர்களுக்கான மருத்துவச் சான்றிதழ். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தின் காகிதத்தைக் கேட்டது. சுகாதார ஆய்வாளர் மூன்று முறை வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டி இருக்கிறது, கை கழுவத் தனித் தொட்டி எங்கே என்றார். நமக்கு வீடு வாடகைக்குத் தந்த மிஸ் வெர்னா, அறுபது வயதுப் பெண்மணி, தன் கொல்லையில் கிடந்த பழைய வாஷ்பேசினைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்தத் தீவில் முதலில் நம்மை நம்பியவர் அவர்தான்.

துவரம்பருப்பு இல்லை. பட்டாணிப் பருப்பில் சாம்பார் வைத்தாய். சந்தையில் சீமைப்பலாவைப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரிப் பக்கத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கத்தினாய். ஏழு மாதம் ஓடியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மதியமும் இரவும் நம்மிடம் சாப்பிட்டார்கள். ஒரு பெண் தேர்வில் தோற்றுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து உன் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று நீ எனக்குக் காட்டிய முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

பிறகு பிள்ளைகள் படித்த மருத்துவக் கல்லூரி தன் வகுப்புகளை வேறொரு தீவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. மூன்று வாரத்தில் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டு மூட்டை அரிசியும் ஒரு மூட்டைப் பருப்பும் நாமும்தான் மிச்சம். முப்பத்தெட்டு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் என்னால் தாங்க முடியாதவை. நீ பேசிக்கொண்டே இருப்பாய், நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உனக்குத் தெரியாமல் நியூ ஜெர்சிக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்த அன்று சொல்ல வாய் வரவில்லை. நீயேதான் கண்டுபிடித்தாய்.

"என்னட்டி, கெடச்சுட்டா?"

"ம்."

"பொறவு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? போ."

"நீயும் வா. அங்க போயி உனக்கும் பாக்கலாம். இங்க தனியா என்ன பண்ணுவ?"

நீ பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாய். "எனக்கு இனி அந்தத் திங்கக்கெழமை மீட்டிங் வேண்டாம்ட்டி."

விமான நிலையத்தில் நீ அழவில்லை. நான்தான் அழுதேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. இதை உன்னிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை.

நீ தோற்றுப்போவாய் என்று நினைத்தேன். நீ மிஸ் வெர்னாவைச் சேர்த்துக்கொண்டு, மிச்சப் பருப்பை ஊறவைத்து, காலையில் பஸ் நிலையத்தில் வடை போட்டு விற்க ஆரம்பித்தாய். வேன் ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கிற வீடியோ அனுப்பினாய். பெயர்ப் பலகை அடித்துப் படம் அனுப்பினாய். வேலை அனுமதியைப் புதுப்பித்துவிட்டதாகச் சொன்னாய். காலையில் ஆபீஸ் போகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அவற்றைப் பார்ப்பேன். லைக் போட்டுவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனா, வெட்கப்பட்டேனா என்று இப்போதும் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "காய்ச்சலுட்டி, நாலு நாளாச்சு. டெங்குன்னு சொல்லுதாங்க. மிஸ் வெர்னா கஞ்சி வச்சுத் தாராங்க, நல்லாத்தான் பாக்காங்க. இருந்தாலும்... நீ ஒரு தடவ வந்துட்டுப் போறியா?"

எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நீ. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் லாயருக்குப் போன் போட்டேன். என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதியாகியிருந்தது. இப்போது வெளியே போனால் தூதரகத்தில் புதிய விசா குத்தி வாங்கிய பிறகுதான் திரும்பி வர முடியும், அதற்கு எத்தனை மாதம் ஆகுமோ, வேலை அதுவரை காத்திருக்காது என்றார். உனக்குச் செய்தி அனுப்பினேன்: "இப்ப டிராவல் பண்ண முடியாது புள்ள. டிசம்பர்ல கண்டிப்பா வரேன். நல்லா தண்ணி குடி."

"சரிட்டி" என்று எழுதினாய். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மிஸ் வெர்னா கூப்பிட்டார். என் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

உன் உடம்பைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோக உன் அண்ணனால் முடியவில்லை. அங்கேயே, மிஸ் வெர்னாவின் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் உன்னை வைத்தார்கள். ஒரு வேன் ஓட்டுநர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் பார்சிப்பனியில் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஓட்டுநர்கள் பாடினார்கள். பாதியில் சிக்னல் போய்விட்டது. முகம் கழுவிக்கொண்டு இரண்டு மணி மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன். அன்று என்ன பேசினேன் என்றுகூட நினைவில்லை, ஆனால் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அது நடந்து பதினான்கு மாதம். டிசம்பர் வந்து போயிற்று, நான் போகவில்லை. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "விசா ப்ராப்ளம், போக முடியல" என்பேன். எல்லோரும் அதை ஒப்புக்கொள்வார்கள். இங்கே எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு சாவு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும். முடியாமல் இல்லை. போயிருக்கலாம். வேலைதான் போயிருக்கும்.

அந்த வேலை போன வாரம் போய்விட்டது. உனக்கு ஈடாக நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாற்காலியை, கேமராவைக்கூடப் போடாத ஒருவர் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டார். லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. உன்னைக் கூப்பிட வேண்டும் என்று போனை எடுத்தேன். உன் எண்ணைத் தேடிப் பிடித்த பிறகுதான் நினைவு வந்தது.

இன்று காலை டிக்கெட் போட்டேன், அந்தத் தீவுக்கு. திரும்பி வருவதற்குப் போடவில்லை. லாயர், "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே போய் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. வடை எனக்குச் சரியாக வராது, உனக்குத் தெரியும். சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டு எதை எடுத்துப் போடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். பயமாக இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய். அவ்வளவு சீக்கிரம் அது எனக்குக் கிடைக்கக் கூடாது. நீ கூப்பிட்டாய், நான் வரவில்லை. அதை இறக்கி வைக்க வழி தேடி நான் அங்கே புறப்படவில்லை. என்னோடுதான் வரும், என்னோடுதான் இருக்கும். மிஸ் வெர்னாவிடம் வழி கேட்டுக்கொண்டு வந்து, உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்குத் தெரிவது.