நாலால் பெருக்கிய பியர்

28 ஏப்ரல் 1986, திங்கள். கிரின்ஸ்டெட், டென்மார்க்

காலையில் மழை. பிறகு காற்று. மகள் றெஜினாவின் காலுறைகள் இன்னும் காயவில்லை.

இவர் கோல்டிங்கில் இருக்கும் தம்பியின் கலியாணத்துக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பென்ட் பழக்கிவிட்டது. மாசியில் பத்து லீற்றர் செய்து நன்றாகத்தான் வந்தது. இந்த முறை நாற்பது. முளைத்த பார்லியில் செய்த மோல்ட் பாகு நாலு மடங்கு, சீனி நாலு மடங்கு, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவும் அப்படியே. புளிக்க வைக்கிற ஈஸ்ட் மட்டும் ஒரே பக்கற். அது தானாகப் பெருகுமாம்.

புளிக்கிற நாளும் கூடாதோ என்று கேட்டேன்.

"நாள் கணக்கை என்னத்துக்குப் பெருக்கிறது? அதே ஆறு நாள்தான். ஒண்டுக்கும் பயப்பிடாதையும்."

போன முறை வாளி அடுப்புக்குப் பக்கத்தில் சூடாக இருந்தது. இந்தப் பெரிய பீப்பா சமையலறைக்குள் வரவில்லை. நிலவறைக்குப் போய்விட்டது. அங்கே நல்ல குளிர். வீட்டுக்காரி இங்கர் உருளைக்கிழங்கு வைக்கிற இடமும் அதுதான். மாடியில் தனியாக இருக்கிற மனுசி. முகம் கோணாமல் நடக்க வேண்டும். எங்களுக்கு வதிவிட அனுமதி இன்னும் வரவில்லை.

4 மே, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போகவில்லை, கார் கிடைக்கவில்லை.

பின்னேரம் முழுக்கப் போத்தலில் அடைத்தோம். பழைய பியர் போத்தல், சோடாப் போத்தல், கிடைத்ததெல்லாம். நுரை வர ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரண்டி சீனி. பீப்பாவில் இன்னும் குமிழ் வருகிறது என்று காட்டினேன். அது சும்மா காற்றாம். மூடி அடிக்கிற சத்தம் காதுக்குள் நிற்கிறது. குனிந்து குனிந்து நாரி நோவு.

8 மே, வியாழன்

திடீர் வெக்கை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. நிலவறைக் கதவைத் திறந்தால் புளித்த மணம். இவரிடம் சொன்னேன். சிரித்தார்.

9 மே, வெள்ளி

எழுத்து கோணல்.

மத்தியானம். இவர் வேலையில். இரண்டு வெடி.

எப்படி நடந்ததென்று தெரியாது. நானும் றெஜினாவும் கட்டிலுக்குக் கீழே. என் கை அவளுடைய வாயில். டென்மார்க் என்ற நினைப்பே இல்லை. மன்னாரில் குண்டு துளைத்த எங்கள் வீட்டுச் சுவர்தான் கண்ணுக்குள் நின்றது. மூன்றாவது வெடித்தபோது கண்ணாடி சிதறுகிற சத்தமும் கேட்டது. பியர். அப்போதுதான் விளங்கியது.

அதற்குள் இங்கரின் மரச் செருப்பு நிலவறைப் படியில் இறங்குகிறது. என்ன சத்தம் என்று பார்க்கப் போகிறா.

பிள்ளையை அசையாதே என்று கட்டிலுக்கடியில் விட்டுவிட்டு ஓடினேன். நிலவறை வாசலில் கால் நின்றுவிட்டது. மனுசி போத்தல் பெட்டிகளை நோக்கி நடக்கிறா. படித்த டெனிஷ் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"படுங்கோ! நிலத்தில படுங்கோ!"

தமிழில். நான் அப்படிக் கத்தினதை நானே கேட்டதில்லை.

அவ குப்புற விழுந்துவிட்டா. அடுத்த கணம் ஒரு பெட்டி முழுவதும் வெடித்துப் போனது. அவவின் முகம் இருந்த உயரத்தில் சுவரெல்லாம் கண்ணாடி. மெத்தைப் போர்வையை எடுத்து வந்து, இரண்டு பேருக்கும் மேலே போட்டு, தவழ்ந்தபடி வெளியே இழுத்தேன். அவவின் மணிக்கட்டில் வெட்டு. இரத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டொக்டரிடம் கொண்டுபோனார். தையல் போட்டார்களாம்.

இனி வீட்டை விட்டுப் போகச் சொல்லுவா. பொலிசுக்குச் சொன்னால்? எங்களைப் பற்றி என்ன எழுதுவார்கள்?

சோறு அடிப்பிடித்துப் போனது.

10 மே, சனி

இவரும் பென்ட்டும் மொப்பெட் ஹெல்மெட், குளிர்கோட்டு, தடித்த கையுறையோடு இறங்கினார்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடி ஒவ்வொன்றையும் மெல்லத் திறந்து எல்லாவற்றையும் வடிகாலில் ஊற்றினார்கள். நான் மேலே செபமாலையோடு. ஒவ்வொரு சீறலுக்கும் ஒரு மணி உருட்டினேன்.

பென்ட் விளக்கினார். சாமானைப் பெருக்கலாம், ஈஸ்ட்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும், நாள் கணக்கை மட்டும் காகிதத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மிதக்கிற கண்ணாடிக் குழாயைப் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் ஒரே அளவு காட்டினால்தான் சீனி தீர்ந்தது. எங்களுடையதில் பாதிச் சீனி அப்படியே இருந்திருக்கிறது.

இவர் சாப்பிடவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டு, "நீர் சொன்னனீர்," என்றார்.

11 மே, ஞாயிறு

இங்கர் மாடிக்குக் கூப்பிட்டா. மன்னிப்புக் கேட்க வேண்டிய டெனிஷை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு ஏறினேன்.

அவ கோப்பி ஊற்றினா. வீட்டைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நான் கத்திய சொல் என்ன என்றுதான் கேட்டா. ஒன்றும் விளங்கவில்லையாம், ஆனால் என் குரலைக் கேட்டதும் முழங்கால் தானாக மடிந்ததாம். அதற்கு என்ன அர்த்தம்?

எங்கே பழகிய சொல் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை.

14 மே, புதன்

தூறல். கலியாணத்துக்குக் கடைப் பியர். என் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

மத்தியானம் இங்கர் கட்டுப்போட்ட கையோடு வந்து றெஜினாவைப் படுக்க வைத்தா. போர்வையை இழுத்து மூடிவிட்டு, "படுங்கோ," என்றா. நன்றாகவே சொன்னா. மகள் சிரித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நான் சமையலறையில் நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை.