ஒரே தண்ணீருக்கு இரண்டு சாட்சி

செங்குவளை நாட்டின் குடியும் குளமும் தழைக்க! மலை முதல் கடல் வரை ஆளும் பேரரசி கயல்மணித் தேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலை நாயகம் காரிமாறன் எழுதியது. நெடுங்கரைக் கோட்டத்தின் அதிபதியும் நீதி ஆசனத்துக்கு உரியவருமான ஆதன்சேந்தன் காண்க. உம் கோட்டத்து வயல்கள் விளைக. உம் குடிகள் நலம் பெறுக. உமக்குரிய வாழ்த்தை மட்டும் எழுத வேண்டாமென்று தேவியார் தடுத்துவிட்டார்.

சாயக்காரி பொன்னரியின் வலக்கையை வெட்ட முத்திரை கோரி நீர் அனுப்பிய ஓலை இன்று அவைக்கு வந்தது. களஞ்சியத்தின் தாழை உடைத்து நெல்லைக் கடத்தியவன் உம் மைத்துனன் மல்லையன் என்று அவள் சாட்சி சொல்ல வந்தாள். உம் கோட்டத்து வழக்கப்படி, சாட்சிக்கு முன் இருதரப்பாரும் மன்றத்துப் பானையில் கைவிட்டு, தண்ணீர் குளிர்கிறதா, வெதுவெதுப்பா என்று சொல்ல வேண்டும். நீதிபதியின் கையோடு ஒத்துப்போனவர் மெய்யர், மாறுபட்டவர் பொய்யர்; பொய் சொன்ன கைக்கு வெட்டு. பொன்னரி குளிர்கிறது என்றாள். மல்லையன் வெதுவெதுப்பு என்றான். உம் கையும் வெதுவெதுப்பு என்றது. பானைத் தண்ணீரைப் பற்றியே பொய் சொல்கிறவள் களஞ்சியத்தைப் பற்றி மெய் சொல்வாளா என்று கேட்டு மன்றமே சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்.

தேவியார் அதை நம்பிவிட்டார். முத்திரைக்கு அரக்கும் உருகியது. அப்போது அவருடைய சுளுக்கிய இடக்கையை மருத்துவர் சுடச்சுட மூலிகைநீரில் வைத்திருந்தார். வலக்கையில் சுனைநீர் நிறைந்த வெள்ளிக் கிண்ணம் இருந்தது. முத்திரையைத் தொடுமுன் கை கழுவும் முறைப்படி, இரு கைகளையும் ஒரே செப்பு வட்டில் நீரில் இட்டார். இடக்கை குளிர்ந்தது, வலக்கை சுட்டது. தேவியாரின் முகம் சிவந்தது. சுளுக்கின் வலி என்று அவையோர் எண்ணிக்கொண்டனர்.

உடனே ஒரு சட்டியில் வெந்நீரும் மறு சட்டியில் சுனைநீரும் கொண்டுவரச் செய்து, அவையோர் அனைவரையும் ஒவ்வொன்றிலும் ஒரு கையை வைத்திருந்து, பின் இரண்டையும் அந்தச் செப்பு வட்டிலில் விட்டுப் பார்க்கச் சொன்னார். தம் இரு கைகளும் ஒன்றையொன்று பொய்யன் என்று ஏசுவதாகவும், எந்தக் கையின் பக்கம் படையை நிறுத்துவதென்று விளங்கவில்லை என்றும் படைத்தலைவர் முறையிட்டார். அவை நகைத்தது, தேவியார் நகைக்கவில்லை.

பொன்னரி எங்கிருந்து மன்றத்துக்கு வந்தாள் என்று ஓலை கொணர்ந்த உம் சேவகனை வினவினார். கொதிக்கும் சாயத் தொட்டியிலிருந்து ஈரக் கையோடு இழுத்து வந்ததாக அவன் சொன்னான். மல்லையன் அருவியில் நீராடி வந்தானாம். தீர்ப்புக்கு அமருமுன் அதே அருவியில் நீராடுவது நெடுங்கரை நீதிபதியின் மரபாம்.

அதைக் கேட்டதும் தேவியார் ஆசனத்தைவிட்டு எழுந்துவிட்டார். தோல் தண்ணீரை அளப்பதில்லை. முன்பு இருந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள மாற்றத்தையே அது சொல்லுகிறது. அந்தச் செய்திக்குச் சூடு என்றும் குளிர் என்றும் பெயரிடுவது மனம் என்று கடிந்துரைத்தார். நண்பகல் வெயிலிலிருந்து கருவூலத்துக்குள் நுழைந்தவனுக்கு எதிரே நிற்கும் தூண் தெரிவதில்லை. சாயத் தெருவில் குடியிருப்பவளுக்கு அவுரியின் நாற்றம் தெரிவதில்லை. அவர்களையும் பொய்யர் என்று வெட்டுவீரா என்று கேட்டார். மூவரும் உணர்ந்ததையே சொன்னீர்கள். ஆனால் நீர் ஒருவர்தாம் உம் தோலை நாட்டின் சட்டமாக்கினீர். உம்மோடு குளித்தவன் மெய்யன், உழைத்த கையோடு வந்தவள் பொய்யள் என்றால் அதற்குப் பெயர் நீதியா என்று அவர் முழங்கியதில் விதானத்துப் புறாக்கள் சிதறிப் பறந்தன.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட நொடியே பொன்னரியை விடுவித்து, மன்றத்தின் நடுவே அமர்த்தி, அவள் சாட்சியை முழுதும் கேட்க. மல்லையனைச் சிறைவைக்க. அந்தப் பானையை அவள் கையாலேயே உடைக்கச் செய்க. பிறகு தாமதமின்றித் தலைநகர் வருக. இரு சட்டிகளும் செப்பு வட்டிலும் அவையில் உமக்காகக் காத்திருக்கின்றன. உம் கைகளில் எது பொய்க் கை என்று நீரே சொல்ல வேண்டும்; உம் வழக்கப்படி அதற்குரிய தண்டனையையும் உம் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பொன்னரியின் கையை வெட்டுவதற்காக உருகி, வைக்கப்படாமல் ஆறிப்போன அரக்கை மீண்டும் உருக்கி, குளிர்கிறது என்று அவளைப் போலவே சாட்சி சொன்ன தம் இடக்கையால், சுளுக்கின் வலியையும் பாராமல், தேவியார் குவளை முத்திரை பதித்தருளினார்.