ஓதானியில் நிற்காத வண்டி

நவம்பர் 6

"சார், எக்ஸ்பிரஸ் ஏன் எல்லா ஊர்லயும் நிக்கறதில்ல?" எப்போதோ நான்காம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். ஒவ்வொரு மேசையிலும் நின்றால் என் பாடம் முடியுமா? கை தூக்குகிறவர்களிடம்தான் நிற்பேன். வண்டியும் அப்படித்தான், நம் ஓதானி கை தூக்கிய ஊர் என்றேன்.

இப்போதும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். மார்ச்சில் கால அட்டவணை மாறும்போது நம் நிறுத்தம் போய்விடும் என்று பேச்சு. அதனால் வேலை இல்லாதவர்களும் டிக்கெட் எடுத்து, நகரம் வரை போய், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். எல்லாம் முனகாத்தாவின் ஏற்பாடு. நிறுத்தம் காக்கும் குழுவின் தலைவன்; என்னோடு படித்தவன்.

எனக்கு நிஜமாகவே வேலை உண்டு. மனைவி கினுயோ நகரத்து மருத்துவ இல்லத்தில் இருக்கிறாள். மதியச் சோற்றை நான் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். எக்ஸ்பிரஸ் இருப்பதால் நேரத்துக்குப் போகிறேன்.

நவம்பர் 19

ஓட்டுநர் உரிமத்தைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் வயதில் பலரும் செய்வதுதான். காரையும் விற்றாயிற்று.

முனகாத்தாவின் யோசனை. "வாத்தியாரே, வீட்டுல கார் இருந்தா எவன் ரயில் ஏறுவான்? குழுவுல இருக்கிற நாமளே உரிமத்தைக் கொடுத்தா ஊரு நம்பும். சேர்ந்தே போவோம்."

இன்று காலையில் அவனுக்கு முதுகுவலி. "நீ முன்னாடி போ, நான் அடுத்த வாரம் போயிடறேன்."

டிசம்பர் 2

முதுகுவலி இன்னும் தீரவில்லையாம்.

ஜனவரி 23

பிரசாரக் கொடிகளை எடுக்க முனகாத்தாவின் கிடங்குக்குப் போனேன். கொடிகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்த புதுத் துணி. விரித்தேன். 'இத்தனை ஆண்டுகள் ஓதானியில் நின்றதற்கு நன்றி.'

அவன் உள்ளே வந்தான்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"அக்டோபர்லயே. நிறுத்தம் போகுது, பதிலுக்கு ரயில்வேக்காரங்க ஸ்டேஷனைப் புதுசாக் கட்டித் தர்றாங்க. அறிவிக்கிற வரைக்கும் வெளியில சொல்லக் கூடாதுன்னாங்க."

"அப்ப என் உரிமத்தை எதுக்குக் கொடுக்க வெச்சே?"

"கூட்டம் ஏறிட்டே இருந்தாத்தானே பேரம் படியும். வாத்தியாரே கொடுத்துட்டாருன்னா நாலு பேரு ஏறுவாங்க."

கினுயோவுக்கு இனிமே யாருடா ஊட்டுவா? தெரிஞ்சேதானே செஞ்ச — எப்படி மனசு வந்துச்சு?

மார்ச் 13

எக்ஸ்பிரஸ் இன்று நம் ஊரில் கடைசியாக நின்றது. முனகாத்தா அந்தத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நிஜமாகவே அழுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 18

பாசஞ்சரில் போய், வண்டி மாறி, சேர்வதற்குள் தட்டை எடுத்துவிட்டார்கள். "இன்னிக்கும் ஒரு வாய்கூட வாங்கலீங்க" என்றாள் தாதி. கினுயோவின் மணிக்கட்டில் கடிகாரம் நழுவுகிறது.

மார்ச் 20

வாசலில் முனகாத்தாவின் கார்.

"ஏறு வாத்தியாரே. தினமும் கொண்டு விடறேன். திட்டணும்னா வண்டியில உக்காந்து திட்டு."

பின் சீட்டில் ஏறினேன், டாக்சியில் ஏறுவதுபோல.

"முன்னாடி வாயேன்."

பின் கதவைச் சாத்திக்கொண்டேன். லெவல் கிராசிங்கில் கம்பம் இறங்கியது. எக்ஸ்பிரஸ் நம் ஊரை வேகம் குறைக்காமல் கடந்து போனது. கண்ணாடியில் அவன் என்னைப் பார்ப்பது தெரிந்தது. மடியிலிருந்த, கினுயோவின் சாப்பாட்டு டப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

கினுயோ பூசணிக்காயை முழுக்கச் சாப்பிட்டாள்.

இதை யார் படித்தாலும் சரி: ஒருவர் "சேர்ந்தே கொடுப்போம்" என்றால், முதலில் அவரைக் கொடுக்கச் சொல்லிப் பார்.