இடது கைக்கு ஒரு வரி

ஆவணி, புதன் இரவு

ஜப்பானிலிருந்து வரவழைத்த இடதுகைக் கத்திரி இன்று வந்தேவிட்டது. ஆனால் கூரியர்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, கஸ்டம்ஸ் டூட்டி கட்டினாதான் பார்சல் குடுக்க முடியும்" என்றார். கத்திரி விலையில் பாதி! ஆர்டர் போட்டபோதே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைத்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இடது கைப்பழக்கத்தோடு பிறந்ததற்கும் வரியா?

"திருப்பி அனுப்பிடு. வீட்லதான் இத்தன கத்திரி இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர், போனிலிருந்து தலையைத் தூக்காமல். இருப்பதெல்லாம் வலது கைக்கானவை. அவற்றால் வெட்டி வெட்டித்தான் என் கட்டைவிரல் காய்த்துக் கிடக்கிறது. நேற்றுகூட ஒரு பிளவுஸ் துணி கோணலாகிவிட்டது. பீர்க்கன்கரணையிலிருந்து வந்த கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை வெட்டப் பயந்து மடித்தே வைத்திருக்கிறேன்.

தைத்துச் சேர்த்த காசிலிருந்து வரியைக் கட்டிப் பார்சலை வாங்கினேன்.

சாயங்காலம் அவர், "அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று அதை வலது கையில் எடுத்து ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தார். துணி நடுவில் மடங்கிச் சிக்கிக்கொண்டதே தவிர வெட்டுப்படவில்லை. மறுபடி அழுத்தினார். விரல் வலித்ததும் கையை உதறினார். அப்புறம் என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"இத்தன வருஷமா உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

பட்டுத் துணியை எடுத்து விரித்தேன். அது நழுவாமல் அவரே ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். சாக்பீஸ் கோட்டை விட்டுக் கத்திரி இம்மியும் விலகவில்லை.